ஈப்போவிலிருந்து வந்த ஸ்டியரிங் பெட்டி

சென்னைத் துறைமுகத்தில் சுங்க அதிகாரி என் பிரம்புக் கூடையைத் திறந்தவர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். கைலித் துணியில் சுற்றியிருந்த பொருளிலிருந்து சிவப்பாக ஏதோ கசிந்து, அக்காவுக்கென்று வாங்கியிருந்த பிஸ்கட் டின்னை நனைத்திருந்தது.

"என்னய்யா இது? கறியா?"

"ஸ்டியரிங் பெட்டி சார். உள்ளே மிச்சமிருந்த எண்ணெய் கசிகிறது. எண்ணெயே சிவப்புதான்."

அவர் விரலை மோந்து பார்த்தார். பிறகு கூடையைத் தூக்க முயன்று, பாதியில் கீழே வைத்துவிட்டார். கப்பலில் அத்தனை நாளும் அதற்குப் பக்கத்தில் படுத்து வந்தவன் நான். அதன் கனம் எனக்குப் பழகியிருந்தது.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஈப்போவில் பழைய வண்டிகளை உடைத்து உதிரிபாகம் விற்கும் கடையில் வேலை பார்த்துவந்தேன். தாத்தா காலத்துச் சொந்தம் விட்டுப்போகக் கூடாதென்று அக்கா சரோஜாவை நாமக்கல் அருகே ஜேடர்பாளையத்துப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவள் கணவர் பழனிசாமி, எனக்கு மச்சான். காடு தோட்டம் பார்ப்பதோடு ஒரு வண்டியும் வைத்திருந்தார். மேட்டூரில் ஏதோ வேலைக்கு வந்த வெள்ளைக்காரர்கள் விட்டுவிட்டுப் போன இங்கிலாந்து வண்டி. நான்கு சக்கரமும் இழுக்கும். சேறு, மணல், மேடு எதற்கும் அஞ்சாது. ஊரில் அதற்கு ஜீப் என்றே பேர்.

அந்த வண்டியின் பவர் ஸ்டியரிங் பெட்டி ஒழுகியது. எண்ணெயின் அழுத்தத்தால் சக்கரத்தைத் திருப்ப உதவும் பெட்டி அது. எண்ணெய் இறங்கிவிட்டால் இரண்டு ஆள் சேர்ந்தாலும் திருப்ப முடியாது. அந்தப் பாகம் சேலத்திலும் இல்லை, கோயம்புத்தூரிலும் இல்லை என்று அக்கா எழுதியிருந்தாள். எங்கள் கடைக்கு அதே ஜாதி வண்டி ஒன்று உடைக்க வந்தது. பெட்டியைக் கழற்றிக் கைலியில் சுற்றிக்கொண்டு நானே கிளம்பிவிட்டேன். அதற்கு முன் இந்தியாவை நான் பார்த்ததில்லை.

சேலத்தில் இறங்கிய காலையில் முதலில் கண்ணில் பட்டது வெயில்தான். எங்கள் ஊர் வெயில் நனைந்த துணி மாதிரி உடம்பில் ஒட்டும். இது காய்ந்த வெயில், கூடவே காற்று. ஆடி மாதம். தெருவில் போகிறவர்கள் எல்லாரும் ஒரு பக்கம் சாய்ந்து நடந்தார்கள்.

பிஸ்கட் டின் எண்ணெயில் ஊறிவிட்டதால், அக்காவுக்கு வேறு ஏதாவது வாங்கலாமென்று செவ்வாய்ப்பேட்டைக் கடைத்தெருவுக்குப் போனேன். சந்துக்குள் சந்து, மிளகாய் நெடி, மூட்டைக்காரர்களின் அதட்டல். "ஓரம், ஓரம்! கூடையை நடுவுல வெக்காதீங்க!" ஒரு கடை வாசலில் தட்டுவடை செட் தின்றேன். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் பீட்ரூட் துருவலும் சட்னியும். ஒரே கடியில் உடைந்து சட்டையெல்லாம் சிந்தியது. உள்ளூர்க்காரர்கள் ஒரு துணுக்கும் சிந்தாமல் தின்றார்கள். இன்னொன்று வாங்கி முயன்றேன். அதுவும் சிந்தியது.

எனக்குப் பின்னால் இரண்டு வியாபாரிகள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"மேட்டூர் டேம்ல தண்ணி சுத்தமா வத்திப் போச்சாம். உள்ளார இருந்த ஊருங்க எல்லாம் வெளிய தெரியுதாம். கோயிலு, சர்ச்சு, கெணறு எல்லாம் அப்படியே நிக்குதாம்."

"நம்ம மச்சினன் போய்ப் பாத்துட்டு வந்தான். வந்ததுலருந்து சரியாப் பேச மாட்டேங்கறான்."

"ஏன், என்ன பாத்தானாம்?"

"ஒண்ணும் பாக்கலைங்கறான். அதையேதான் சொல்லிட்டிருக்கறான்."

நாமக்கல் பேருந்தில் கூடையைக் காலடியில் வைத்திருந்தேன். பாதி வழியில் பக்கத்து இருக்கைப் பெண் தன் பாதத்தைத் தூக்கிப் பார்த்து அலறினாள். விரலெல்லாம் சிவப்பு. கண்டக்டர் வந்தார், விசாரணை நடந்தது, பேருந்தே எழுந்து நின்று என் கூடையை எட்டிப் பார்த்தது. எண்ணெய்தான் என்று தெரிந்த பிறகும் அந்தப் பெண் வேறு இடம் தேடி உட்கார்ந்தாள். இறங்கும்போது, "எண்ணெயா இருந்தா இத்தனை சூடா இருக்குமாங்க?" என்று என்னிடம் கேட்டுவிட்டுப் போனாள். வெயிலில் சூடேறியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மச்சான் நாமக்கல் நிலையத்தில் காத்திருந்தார். நெட்டையான மனிதர், குறைவாகப் பேசுவார். "வாங்க மாப்ள" என்றவர் கூடையை ஒரே கையால் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். வண்டி ஏற்கெனவே பட்டறையில் நின்றது. லாரிகளுக்குக் கூடு கட்டும் தெரு அது. மரச்சட்டம் மட்டும் நின்ற லாரிகள் இரண்டு பக்கமும் விலா எலும்பு மாதிரி தெரிந்தன. நான் 'லோரி' என்று சொன்னபோதெல்லாம் மெக்கானிக் தங்கவேல் சிரித்தார்.

தங்கவேல் வாய் ஓயாமல் பேசுகிற, வேகமாக வேலை செய்கிற மனிதர். பழைய பெட்டியைக் கழற்றுவதுதான் பெரும்பாடாக இருந்தது. பெட்டியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கை, தண்டோடு துருவேறி ஒன்றாகிப் போயிருந்தது. இழுக்கும் கருவியை மாட்டித் திருகி, சுத்தியால் தட்டி, மறுபடி திருகி, கடைசியில் துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தத்தோடு கழன்றது. என் பெட்டியை ஏற்றி, ஸ்டியரிங்கிலிருந்து இறங்கும் கம்பியின் பல்லை அதன் மேல் பொருத்தி, போல்ட் முடுக்கினார். முன் சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி, எண்ணெய் ஊற்றி, ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பச் சொன்னார். உள்ளே இருக்கும் காற்று வெளியேற அப்படிச் செய்ய வேண்டும். ஒவ்வொரு திருப்பலுக்கும் எண்ணெயைத் தள்ளும் பம்ப்பிலிருந்து ஒரு முனகல் கிளம்பியது. வயிற்றுவலிக்காரர் புரளும்போது வருமே, அந்த மாதிரி.

"காத்து போயிருச்சுன்னா சத்தம் நின்னுருமுங்க" என்றார் தங்கவேல்.

முழுவதும் நிற்கவில்லை. ஆனால் ஸ்டியரிங் ஒரு விரலுக்குத் திரும்பியது. மச்சான் அந்த ஒரு விரலால் வண்டியை வெளியே எடுத்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

அக்கா வீட்டில் இரண்டு நாள் இருந்தேன். அரிசியும் பருப்பும் சேர்த்து வேகவைத்த சோற்றில் நெய் ஊற்றிப் போட்டாள். அவளுக்கு ஈப்போவின் கோப்பி மணம் மறந்துவிட்டதாம். நான் கொண்டுபோன தூளை மோந்துகொண்டே இருந்தாள். ஜேடர்பாளையத்துத் தடுப்பணையைக் காட்ட மச்சான் கூட்டிப்போனார். காவிரி என்று அவர் கை காட்டிய இடத்தில் பாறையும் மணலும்தான் இருந்தன. ஆற்றின் நடுவில் ஆடு மேய்ந்தது.

மூன்றாம் நாள் காலையில் சேதி வந்தது. கர்நாடகத்தில் மழை கொட்டுகிறது, அங்கே அணைகளைத் திறந்துவிட்டார்கள், மேட்டூருக்குத் தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது. எங்கள் தலைக்கு மேல் ஒரு மேகம்கூட இல்லை. வெள்ளம் என்பதை மழையோடு சேர்த்தே பார்த்து வளர்ந்தவன் நான். வெயிலில் வருகிற வெள்ளத்தை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மச்சான் உடனே கிளம்பினார். நீர்த்தேக்கம் வற்ற வற்ற மீன்பிடிக்காரர்கள் தண்ணீரைத் துரத்திக்கொண்டே உள்ளே போய்க் குடிசை போட்டிருந்தார்கள். வண்டி ஒழுக ஆரம்பிக்கும்வரை அவர்களிடமிருந்து மீனை ஏற்றி வந்தவர் மச்சான்தான். குஞ்சு குளுவானோடு இருக்கிறார்கள், நடந்து வர நேரம் போதாது என்றார். அக்கா என் முகத்தைப் பார்த்தாள். நானும் ஏறிக்கொண்டேன்.

மேட்டூரைத் தாண்டிக் கரையோரம் வெகுதூரம் போய், ஓரிடத்தில் வண்டியை வற்றிய நீர்த்தேக்கத்துக்குள் இறக்கினார்.

ஈப்போவைச் சுற்றிலும் ஈயச் சுரங்கங்கள். மண்ணைத் தோண்டி எடுத்த பள்ளமெல்லாம் ஏரியாகிக் கிடக்கும். மண் இருந்த இடத்தில் தண்ணீர் நிற்பதைப் பார்த்தே வளர்ந்தேன். இங்கே நேர்மாறு. தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் ஓர் ஊர் நின்றது. வெடித்த சேற்றுத் தரையில் இலையில்லாத மரக்கட்டைகள் வரிசையாக இருந்தன. ஒரு காலத்தில் சாலையோரத்து மரங்களாக இருந்திருக்கும். கல் கட்டிய கிணறு தரைக்கு மேல் கழுத்தை நீட்டியிருந்தது. தூரத்தில் ஒரு கல் நந்தி, அதற்கும் அப்பால் தேவாலயத்துக் கோபுரம். எல்லாவற்றின் மேலும் ஒரே சாம்பல் நிறம். டயருக்கடியில் செத்த சிப்பிகள் நொறுங்கிக்கொண்டே வந்தன.

"எத்தனை வருஷமா உள்ளே இருக்கு மச்சான்?"

"எங்கப்பா சின்னப் பையனா இருக்கறப்ப முழுகினது" என்றார்.

நடுவில் போனபோது காற்று புழுதியைக் கிளப்பியது. சட்டென்று நந்தி மறைந்தது. கோபுரம் மறைந்தது. சூரியன் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் நாலாபுறமும் ஒரே மஞ்சள் வெளிச்சம். மச்சான் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து மெல்ல ஓட்டினார். பம்ப் முனகியது.

அந்தப் புழுதிக்குள்ளிருந்து ஒரு மனிதர் கையை நீட்டிக்கொண்டு வந்தார். மச்சான் பிரேக்கை அழுத்தினார். வந்தவருக்கு அறுபது வயதுக்கு மேலிருக்கும். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. கோபமாக இருந்தார்.

"ஏனுங்க, கண்ணு தெரியலீங்களா? அடுப்படி மேல வண்டிய ஏத்தறீங்களே!"

இறங்கிப் பார்த்தேன். வண்டியின் முன்சக்கரம் ஒரு வரிசைக் கல்லின் மேல் நின்றது. அடித்தளக் கற்கள். அவற்றைக் கையால் துடைத்துச் சுத்தமாக்கி வைத்திருந்தார். சாம்பல் தரையில் ஒரு வீட்டின் முழு அளவும் தெரிந்தது: வாசல், நடை, இரண்டு அறை, பின்கட்டு. மூலையில் பாதி புதைந்த ஆட்டுரல். அதன் குழியில் ஒரு மீனின் முள்ளுக்கூடு. அவருடைய செருப்பு வாசலுக்கு வெளியே, கழற்றிய இடத்தில் ஒழுங்காக இருந்தது.

"தண்ணி வருதுங்க பெரியவரே. வண்டியில ஏறுங்க, கரையில விட்டுடறோம்" என்றார் மச்சான்.

"மெதுவாப் பேசுங்க சாமி. உள்ள அம்மா தூங்குது."

மச்சான் என்னைப் பார்த்தார். புத்தி பேதலித்தவர் என்று நான் நினைத்தேன். அவரும் அப்படித்தான் நினைத்திருப்பார். முதலில் குடிசைக்காரர்கள், திரும்பும்போது இவர் என்று முடிவு செய்து, கல்லைச் சுற்றி வண்டியைத் திருப்பி ஓட்டினோம். பின்னால் அவர் வாசலில் நின்று, வந்துபோகும் விருந்தாளிகளுக்குக் கைகாட்டுவது போலக் காட்டினார்.

நல்ல தூரம் போனோம். குடிசைகள் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மரக்கட்டை வரிசை ஒன்று வந்தது, கிணறு வந்தது. பிறகு புழுதிக்குள் ஒரு கை நீண்டது.

அதே மனிதர். அதே வீடு. இந்த முறை பின்கட்டுப் பக்கமாக வந்திருந்தோம்.

"பாத்தீங்களா, உங்க வண்டிச் சத்தத்துல அம்மா எந்திரிச்சிருச்சு" என்றார். இப்போது அவரிடம் கோபம் இல்லை, சங்கடம்தான் இருந்தது. "யாரு வந்திருக்கறதுன்னு கேக்குது. உங்க பேர் என்னங்க?"

மச்சானின் முகத்தில் வியர்வை வழிந்து புழுதியில் கோடு போட்டிருந்தது. அவர் வண்டியை நகர்த்தினார். நேராகத்தான் பிடித்திருந்தார். நானே பார்த்தேன், ஸ்டியரிங்கின் குறுக்குக் கம்பி மட்டமாக இருந்தது, ஒரு நூல்கூட அசையவில்லை. "நேராத்தான் போறேன் மாப்ள, நீங்களே பாருங்க" என்று இரண்டு முறை சொன்னார். நான் எதுவும் கேட்டிருக்கவே இல்லை.

அப்போது ஒரு சத்தம் கேட்டது. தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி, ஆனால் எல்லாத் திசையிலிருந்தும். மச்சான் வண்டியை நிறுத்தினார். கதவைத் திறந்து கீழே பார்த்தேன். விரல் கனம்கூட இல்லாத தண்ணீர், நுரையும் சருகும் எறும்புக் கூட்டமும் தள்ளிக்கொண்டு, தரையோடு தரையாக ஊர்ந்து வந்தது. வெடிப்புகளுக்குள் அது இறங்க இறங்க, உள்ளே இருந்த காற்று குமிழியிட்டுச் சீறியது. பூமியே மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. அலை இல்லை, இரைச்சல் இல்லை. அது பாட்டுக்கு வந்தது.

ஈரமான தரையில் எங்களுக்கு முன்னால் ஒரு டயர் தடம் போனது. அதன் பூவேலைப்பாடு எனக்குத் தெரியும். காலையில் காற்றுப் பிடித்துப் பார்த்த டயர்தான். தடம் நேராகப் போகவில்லை. பெரிய வட்டத்தின் ஒரு துண்டு மாதிரி, இடப்பக்கம் மெல்ல வளைந்துகொண்டே போய்ப் புழுதியில் மறைந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"மச்சான், ஸ்டியரிங் நேரா இருந்தாலும் சக்கரம் நேரா இல்லை. பெட்டிக்கு மேலே சேருகிற கம்பியைத் தங்கவேல் ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டார். ரோட்டில் கண்ணால் பார்த்துத் திருத்திக்கொண்டே வந்துவிட்டோம், தெரியவில்லை. இங்கே பார்ப்பதற்கு எதுவும் இல்லை."

எண்ணெய் அழுத்தத்தில் திரும்பும் ஸ்டியரிங்கில், சக்கரம் எங்கே இழுக்கிறது என்பது கைக்கு எட்டாது. மச்சான் சற்று நேரம் ஸ்டியரிங்கையே பார்த்தார். காரணம் தெரிந்ததில் எனக்கு உடம்பு லேசானது. அவருக்கு அப்படி ஆகவில்லை.

"சரி. ஆனா ஏன் அந்த ஊட்டையே சுத்தறோம்?" என்றார்.

வட்டம் என்றால் அதன் கோட்டில் ஏதாவது இருக்கத்தானே செய்யும் என்று சொல்ல வாயெடுத்தேன்.

இந்த முறை நாங்களே தடத்தைப் பிடித்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனோம். வாசலில் அவர் இல்லை. செருப்பு தண்ணீரில் மிதந்து நடைக்குள் போயிருந்தது. கணுக்கால் நனையும் தண்ணீர். புழுதியில் வீட்டின் உட்புறம் தெரியவில்லை. நான் வாசல் கல்லில் நின்று கூப்பிட்டேன். "பெரியவரே! ஐயா! போகலாம் வாங்க!"

"வாரேன்."

பெண் குரல். மிகவும் பக்கத்தில். தூக்கம் முழுவதும் கலையாத, வயதான குரல். எந்த அவசரமும் இல்லாமல், உள்ளே கைவேலையாக இருக்கிறவர் சொல்வது போலச் சொன்னது.

நான் திரும்பி மச்சானைப் பார்த்தேன். அவர் இரண்டு கையாலும் வண்டிக் கதவைப் பிடித்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே போவதா என்று நின்றேன். மச்சான்தான் முதலில் அசைந்தார். வாசல் கல்லருகே வந்து, தண்ணீருக்குள் செருப்பைக் கழற்றினார். சுவரும் கூரையும் இல்லாத அந்த வீட்டுக்குள் நடை வழியாக நுழைந்து, அறையைத் தாண்டிப் பின்கட்டுக்குப் போனார். நானும் கழற்றிவிட்டுப் பின்னால் போனேன். அந்தப் பெரியவர் பின்கட்டில், தண்ணீருக்குள் சம்மணம் போட்டு, துண்டை வாயில் வைத்துக் கடித்தபடி உட்கார்ந்திருந்தார். அழுதுகொண்டிருந்தார். அந்த வாயிலிருந்து எந்தக் குரலும் வந்திருக்க முடியாது. வேறு யாரும் இல்லை.

"அம்மா இங்கதானுங்க இருக்குது" என்று கையால் தண்ணீரைத் தொட்டுக் காட்டினார். "ஊரைக் காலி பண்ணச் சொன்ன வருஷம் காய்ச்சல்ல போயிருச்சு. இங்கயே மண்ணுல வெச்சோம். அடுத்த வாரமே வண்டி கட்டிட்டு எங்களக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. நான் சின்னப்பையன். அம்மாகிட்டச் சொல்லிட்டு வரலைங்க. அவசரத்துல யாருமே சொல்லிட்டு வரலை."

மச்சான் குனிந்தார். பெரியவரின் தோளைத் தொட்டு எழுப்புவார் என்று நினைத்தேன். அவரோ தரையைப் பார்த்து, மாமியார் முன்னால் பேசும் மருமகன் மாதிரி தணிந்த குரலில் சொன்னார்:

"நேரமாச்சுங்க. எல்லாரும் வாங்க, போலாம்."

பெரியவர் உடனே எழுந்துகொண்டார்.

திரும்பிய பயணம் எத்தனை நேரம் என்று எனக்குத் தெரியாது. காற்று மேற்கிலிருந்து அடிக்கிறது, அது மச்சானின் வலக் காதில் படும்படி ஓட்டினால் கரை வந்துவிடும் என்று கணக்குப் போட்டோம். "காது... காது... இப்ப பிடரி... வலது பக்கம் கொஞ்சம்..." என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டே வந்தார். தண்ணீர் சக்கர அச்சைத் தொட்டது. சேறு டயரைப் பிடித்து இழுத்த இடங்களில் ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் சுழற்றிச் சுழற்றி வண்டியை மீட்டார். பழைய பெட்டியோடு வந்திருந்தால் முதல் குழியிலேயே நின்றிருப்போம். எங்களை வழிதவற வைத்ததும் கரை சேர்த்ததும் நான் கொண்டுவந்த அதே இரும்புதான். நான் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. பெரியவர் பின் இருக்கையில் ஓரமாக ஒண்டி உட்கார்ந்திருந்தார் என்பது மட்டும் கண்ணாடியில் தெரிந்தது. இருக்கை முழுவதும் காலியாகத்தான் இருந்தது. அவர் ஓரமாகவே வந்தார்.

கரையில் குடிசைக்காரர்கள் எல்லாரும் பரிசல்களைக் கவிழ்த்துப் போட்டு, அடுப்பு மூட்டி, மீன் வறுத்துக்கொண்டிருந்தார்கள். "நாங்க விடியறப்பவே கெளம்பிட்டமுங்க" என்றான் ஒருவன். "தண்ணியோட வாசனை எங்களுக்குத் தெரியாதுங்களா? நீங்க எதுக்கு உள்ள போனீங்க?"

மச்சான் இறங்கி வந்து பின் கதவைத் திறந்தார். பெரியவர் இறங்கினார். மச்சான் கதவை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். ஓர் ஆள் நிதானமாக இறங்கும் நேரம். பிறகுதான் சத்தமில்லாமல் மூடினார்.

மீன் கொடுத்தார்கள். வெறும் மிளகாயும் உப்பும் தடவிய மீன். அத்தனை ருசி.

பெரியவரின் பெயர் நாச்சிமுத்து. குமாரபாளையத்தில் மகன் தறி ஓட்டுகிறான். பழனிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். வழியில் மச்சான் ஓரிடத்தில் நிறுத்தி, பெட்டியின் மேல் கம்பியைக் கழற்றி ஒரு பல் பின்னுக்குத் தள்ளிச் சரியாக மாட்டினார். ஸ்பானர் எடுத்துக் கொடுத்தது நான். கோணலுக்குப் பழகிவிட்ட கண்ணுக்கு இப்போது ஸ்டியரிங்கின் குறுக்குக் கம்பிதான் சற்றே கோணலாக இருந்தது போலத் தோன்றியது. வண்டி நேராகப் போனது. பம்ப்பின் முனகலும் எங்கோ நின்றுபோயிருந்தது. எங்கே நின்றது என்று எங்களில் யாரும் கவனிக்கவில்லை.

குமாரபாளையத்துக்குள் நுழைந்ததுமே தறிச் சத்தம் காதை அடைத்தது. எல்லா வீட்டிலிருந்தும் அதே சத்தம். நீர்த்தேக்கத்துக்குள் இருந்த அமைதிக்குப் பிறகு அது எனக்கு மருந்து மாதிரி இருந்தது. மகன் ஓடி வந்து, அப்பாவின் நனைந்த வேட்டியைப் பார்த்து, திட்டவும் முடியாமல் அழவும் முடியாமல் நின்றான். மருமகள் உள்ளே போய் உலை வைத்தாள். சாப்பிடாமல் போகக் கூடாது என்று நாச்சிமுத்து எங்கள் கையைப் பிடித்துக்கொண்டார்.

வரிசையாக இலை போட்டாள். மாமனாருக்கு, கணவனுக்கு, மச்சானுக்கு, எனக்கு. நாச்சிமுத்து தலை நிமிராமல் சொன்னார்:

"இன்னொரு இலை போடும்மா."

அந்தப் பெண் கணவனைப் பார்த்தாள். அவன் தலையசைத்தான். எனக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடத்தில் ஓர் இலையைப் போட்டு, தண்ணீர் தெளித்து, எங்களுக்கு வைத்ததையெல்லாம் அதிலும் வைத்தாள். சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, கொஞ்சம் நெய். பயந்த மாதிரி தெரியவில்லை. வீட்டுக்கு வந்தவர்களுக்குப் பரிமாறுகிற முகம்தான்.

நாங்கள் சாப்பிட்டோம். பசித்திருந்தேன். அந்தப் பக்கம் திரும்பாமல் சாப்பிட்டேன். தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. மோர் ஊற்றி முடித்துவிட்டு எழுந்திருக்கப் பார்த்தேன். மச்சான் என் முழங்காலில் கை வைத்து அழுத்தினார். அவர் இலை காலியாகிக் காய்ந்துபோயிருந்தது. இருந்தும் உட்கார்ந்திருந்தார். மகனும் உட்கார்ந்திருந்தான். பந்தியில் இன்னும் ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மற்றவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள் அல்லவா, அந்த மாதிரி.

நாச்சிமுத்து என்னைத் தாண்டி அந்த இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு அவர் முகம் தெளிந்தது. சோற்றுக் கரண்டியோடு நின்ற மருமகளிடம் திரும்பினார்.

"போதுமாம்" என்றார்.

நாங்கள் எல்லாரும் இலையை மடித்தோம்.